ஹார்மோனுக்கு முகவரி தெரியாது

கேள்வி மூன்றாக வந்திருக்கிறது. இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும் ஹார்மோனுக்கு, தான் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? எவ்வளவு சுரக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்துப் பார்த்தும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) பெரிதாக இறங்கவில்லையே, மாத்திரை வேலை செய்யவில்லையா? மூன்றாவதற்கான விடை முதல் இரண்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் வரிசையாகவே போகிறேன். உடலியங்கியல் பாடம் எடுக்கிறவன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: தெரியாது. நரம்பு என்றால் இங்கிருந்து அங்கே என்று கம்பி இழுத்த மாதிரி. ஹார்மோன் தண்டோரா. சுரப்பியை விட்டு வெளியே வந்ததும் இரத்தத்தோடு சேர்ந்து, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் உடம்பின் எல்லா மூலைக்கும் போய்விடும். அதைக் கேட்கிற காது எந்தச் செல்லுக்கு இருக்கிறதோ, அது மட்டும் வேலையைத் தொடங்கும். அந்தக் காதுக்குப் பெயர் ஏற்பி. குறிப்பிட்ட ஹார்மோன் வந்து பொருந்துவதற்கென்றே அமைந்த ஒரு புரதம். ஏற்பி இல்லாத செல்லைச் சுற்றி எவ்வளவு ஹார்மோன் ஓடினாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது.

நரம்பின் துணையே இல்லாமல் இரத்தம் வழியாக ஓர் உறுப்பு இன்னொன்றுக்குச் சேதி அனுப்பும் என்பது தெளிவாக நிறுவப்பட்டது 1902-இல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்று இருவர். பேலிஸ் மணந்தது ஸ்டார்லிங்கின் தங்கையை, ஆக மைத்துனர்கள். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும் கணையம் செரிமான நீரைச் சுரக்கும். இதை நரம்புகள்தான் செய்கின்றன என்பது அன்றைக்கு ரஷ்ய உடலியங்கியலாளர் பாவ்லோவின் கருத்து. மைத்துனர்கள் மயக்க நிலையில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு வளையத்தைப் பிரித்து, அதற்குப் போகும் நரம்புகளையெல்லாம் வெட்டி, இரத்தக் குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்த வளையத்துக்குள் அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையக் குழாயிலிருந்து துளித்துளியாக நீர் வந்தது. உடனே ஸ்டார்லிங் குடலின் உட்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை நாயின் கழுத்துச் சிரையில் செலுத்தினார். சற்று நேரத்தில் கணையம் மறுபடி சுரந்தது. சாற்றில் இருந்த பொருளுக்கு செக்ரடின் என்று பெயர் வைத்தார்கள். 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் ஓர் உரையில் பயன்படுத்தியது மூன்று வருடம் கழித்து, 1905-இல். கிரேக்க மூலத்தில் 'தூண்டிவிடுகிறேன்' என்று பொருள்.

இந்தப் பரிசோதனையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் செக்ரடினைக் குறித்துக்கொள்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது கணையத்தை. அந்தச் சாறு இதயத்துக்கும் போனது, மூளைக்கும் போனது, தோலுக்கும் போனது. துளித்துளியாகச் சுரந்தது கணையம்தான். சேதியின் அர்த்தம் கேட்கிறவனிடம்தான் இருக்கிறது.

இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. ஆண்ட்ரோஜன் (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஆண் ஹார்மோன்) ஏற்காமை என்றொரு பிறவி நிலை உண்டு. பெண் குழந்தையாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பருவ வயதில் மார்பக வளர்ச்சியும் வந்துவிடும். மாதவிடாய் மட்டும் வராது. அதற்காகப் பரிசோதித்தால் குரோமோசோம் எக்ஸ்-ஒய், வயிற்றுக்குள் விரைகள், இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஓர் ஆணுக்கு இருக்கும் அளவுக்கோ அதற்கு மேலோ. ஹார்மோன் ஏராளமாக இருக்கிறது, அதைக் கேட்கும் ஏற்பியின் மரபணுவில்தான் பழுது. கேட்க ஆளில்லாத டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாற, அதற்கான ஏற்பிகள் நன்றாக இருப்பதால் உடல் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிறது.

ஒரே ஹார்மோன் இரண்டு இடங்களில் நேரெதிர் வேலை செய்வதும் இதனால்தான். பயந்தால் அட்ரீனலின் பாய்கிறது. தோலிலும் குடலிலும் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகளுக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன, மூச்சுக்குழல் தளர்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மூலக்கூறு ஒன்றுதான், ஆல்ஃபா ஏற்பி உள்ள இடத்தில் ஒரு விளைவு, பீட்டா ஏற்பி உள்ள இடத்தில் இன்னொன்று. ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலர் மூச்சுக்குழலில் உள்ள பீட்டா-2 வகையைத் தட்டுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் கொடுக்கும் பீட்டா தடுப்பான்கள் முக்கியமாக இதயத்தில் உள்ள பீட்டா-1 வகையை அடைக்கின்றன, ஓரளவு மூச்சுக்குழலில் உள்ள பீட்டா-2 வகையையும். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்த இரண்டாவது மருந்தைக் கொடுக்கும்போது மருத்துவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. அங்கே உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோன் ஆல்டோஸ்டிரோன். அதன் ஏற்பிக்கு ஒரு பலவீனம்: அட்ரீனல் சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் வந்து உட்கார்ந்தாலும் ஆல்டோஸ்டிரோன் என்றே நினைத்துக்கொள்ளும். இரத்தத்தில் கார்டிசாலோ ஆல்டோஸ்டிரோனைவிட நூறு மடங்குக்கும் மேல். இப்படி இருந்தால் ஏற்பி எந்நேரமும் கார்டிசாலிடமே ஏமாந்துகொண்டிருக்க வேண்டும். அதனால் அந்தச் செல் வாசலிலேயே ஒரு நொதியைக் காவலுக்கு வைத்திருக்கிறது. உள்ளே நுழையும் கார்டிசாலை அது கார்டிசோனாக மாற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். அதிமதுரத்தில் உள்ள ஒரு பொருள் இந்தக் காவலைத் தூங்கவைத்துவிடும். அளவுக்கு மீறி நாட்கணக்கில் அதிமதுரம் சாப்பிட்டவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறிப் பொட்டாசியம் இறங்குவது இதனால்தான். எந்த ஹார்மோனும் கூடுதலாகச் சுரக்கவில்லை. காவல்காரன் தூங்கிவிட்டான், அவ்வளவுதான்.

ஏற்பி இருக்கும் இடமும் முக்கியம். இன்சுலின், அட்ரீனலின் போன்றவை செல்லின் கொழுப்புச் சுவரைத் தாண்ட முடியாதவை. வெளியே நின்று கதவைத் தட்டும். உள்ளே வேறு மூலக்கூறுகள் சேதியைப் பெருக்கி எடுத்துப்போகும். சில நொடிகளில், சில நிமிடங்களில் காரியம் முடிந்துவிடும். கார்டிசால், ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன் எல்லாம் உள்ளேயே புகுந்து, மரபணுக்கள் இருக்கும் உட்கரு வரைக்கும் போய், எந்தப் புரதத்தைச் செய்வது எதை நிறுத்துவது என்பதையே மாற்றுகின்றன. புதுப் புரதம் உருவாக மணிக்கணக்காகும், பலன் கண்ணில் பட நாட்களும் வாரங்களும் ஆகும். அம்மாவின் மாத்திரை இந்த இரண்டாவது கூட்டம் என்பதை ஓரமாகக் குறித்துவையுங்கள்.

சரி, சுரப்பிகள் எவை? பாடப்புத்தகப் பட்டியல் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, பீனியல், தைராய்டு, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் நான்கு பாராதைராய்டுகள், அட்ரீனல், கணையத் திட்டுகள், சூலகம், விரை. நாளமில்லாச் சுரப்பிகள் என்று பள்ளியில் படித்தது இவற்றைத்தான். ஆனால் பட்டியல் பழசு. இதயத்தின் மேலறைகள் உப்பை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. சிவப்பணு செய்யச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் சிறுநீரகத்திலிருந்து வருகிறது. கொழுப்புச் செல்கள் லெப்டின் சுரக்கின்றன, அது 1994-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை கொழுப்பு என்றால் வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே எண்ணியிருந்தார்கள். எலும்புகூடச் சுரக்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி. அளவை யார் முடிவு செய்வது?

எளிதான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கணையத்தில் சுமார் பத்து லட்சம் சிறு திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் நுண்ணோக்கியில் பார்த்தவை. அங்கே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை நெருங்கிப் பார்ப்போம். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்தச் செல்லுக்குள்ளும் சர்க்கரை அதிகம் நுழையும். நுழைந்தது எரிந்து ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு கூடும். ஏ.டி.பி. கூடினால் செல்லின் கொழுப்புச் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாய்க்கால் மூடிக்கொள்ளும். அது மூடியதும் சுவரின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பாய்ந்ததும், ஏற்கெனவே பொட்டலம் கட்டி வைத்திருந்த இன்சுலின் வெளியே கொட்டும். யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை. சர்க்கரையை அளப்பதும் அதற்குத் தக்கபடி சுரப்பதும் ஒரே செல். சர்க்கரை நோய்க்குத் தரும் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகள் அந்தப் பொட்டாசிய வாய்க்காலைத்தான் வலுக்கட்டாயமாக மூடுகின்றன. சர்க்கரை ஏறாதபோதும் மூடும் என்பதால்தான், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தடாலென்று இறங்குகிறது.

வெளியே வந்த இன்சுலினின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி அழிய ஆகும் நேரம், ஐந்து நிமிடம் போலத்தான். கொட்டிய இன்சுலின் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தால் சர்க்கரை பாதாளத்துக்குப் போய்விடும். ஹார்மோன் என்றால் சுரப்பதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அது காலாகாலத்தில் அழிவதும் அதே அளவு முக்கியமான பாதி. இன்னொன்றும் கவனியுங்கள்: சர்க்கரையை இறக்க உடம்பிடம் இருப்பது இன்சுலின் ஒன்றுதான். ஏற்றுவதற்கோ குளூக்ககான், அட்ரீனலின், கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் என்று நான்கு பேர். உடம்பு எதற்கு அதிகம் பயந்திருக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

தைராய்டில் கதை இவ்வளவு நேரடி இல்லை. அங்கே மூன்று அடுக்கு. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் டி.ஆர்.எச். என்ற ஹார்மோனால் பிட்யூட்டரியைத் தட்டும். சுமார் அரை கிராமே எடையுள்ள பிட்யூட்டரி டி.எஸ்.எச். அனுப்பித் தைராய்டைத் தட்டும். தைராய்டு டி4 சுரக்கும். டி4-இல் நான்கு அயோடின் அணுக்கள். திசுக்களில் அதில் ஒன்று கழற்றப்பட்டு டி3 ஆகும்போதுதான் அது வீரியத்தோடு வேலை செய்யும். டி4-உம் டி3-உம் திரும்பி மேலே போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் 'போதும்' என்று அடக்கும். பின்னூட்டம் என்பது இதுதான்.

இங்கேதான் ஏறக்குறைய எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'டி.எஸ்.எச். கூடிப்போச்சு, அப்போ தைராய்டு அதிகமாச் சுரக்குது' என்று வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார். தலைகீழ். கீழே வேலை நடக்காதபோதுதான் மேலதிகாரியின் குரல் உயரும். டி.எஸ்.எச். உயர்ந்திருப்பது பிட்யூட்டரி கத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம், தைராய்டு சோர்ந்திருக்கிறது. டி4 கொஞ்சம் குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு எகிறும் என்பதால்தான் மருத்துவர்கள் முதலில் டி.எஸ்.எச். பார்க்கிறார்கள். ஆனால் பிட்யூட்டரியே பழுதானால்? அப்போது டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயராது, சில சமயம் சாதாரண அளவில்கூட இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் ஆள் நலமாக இருக்கிறார் என்று தோன்றும்.

இந்த 'போதும்' என்கிற சேதியை வெளியிலிருந்து நாமும் கொடுத்துவிட முடியும். மூட்டுவலிக்கோ ஒவ்வாமைக்கோ பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்தால், பிட்யூட்டரிக்கு அது கார்டிசாலாகவே தெரியும். தாராளமாக இருக்கிறதே என்று அது அட்ரீனலைத் தட்டுவதை நிறுத்திவிடும். தட்ட ஆளில்லாத அட்ரீனல் புறணி மெல்லச் சுருங்கும். வலி போய்விட்டது என்று ஒருநாள் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் வராது. வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகக் குறைக்கச் சொல்வது அட்ரீனல் எழுந்து உட்கார அவகாசம் கொடுப்பதற்காக. சிலருக்கு அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

பின்னூட்டம் எப்போதும் அடக்கும் என்றும் இல்லை. பிரசவத்தில் கருப்பை வாய் விரிய விரிய ஆக்ஸிடோசின் கூடும், அது கூடக் கூட கருப்பை இன்னும் சுருங்கும். குழந்தை வெளியே வந்தால்தான் அந்தச் சுழல் நிற்கும். மாத சுழற்சியின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் போல உச்சத்திலேயே நின்றால், அதுவரை அடக்கிக்கொண்டிருந்த அதே ஹார்மோன் கட்சி மாறி பிட்யூட்டரியைத் தூண்டிவிடும்; எல்.எச். என்ற பிட்யூட்டரி ஹார்மோன் பொங்கி, கருமுட்டை வெளியேறும்.

அளவு மட்டுமே சேதி இல்லை, தாளமும் சேதிதான். ஹைப்போதலாமஸ் இனப்பெருக்க ஹார்மோன்களுக்கான ஜி.என்.ஆர்.எச்.-ஐ ஒரே சீராக விடாமல், ஒரு மணி ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஒரு சிறு வீச்சாக விடும். எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1970-களில் ரீசஸ் குரங்குகளில் இதைச் சோதித்தார்கள். மணிக்கொரு முறை செலுத்தியபோது பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஹார்மோனை இடைவிடாமல் செலுத்தியபோது வேலையை நிறுத்திவிட்டது. ஓயாமல் பேசுகிறவரின் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது பிட்யூட்டரிக்கும் பொருந்தும் போலிருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் லூப்ரோலைடு ஊசி இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்துகிறது: தூண்டும் மருந்தையே விடாமல் கொடுத்து, டெஸ்டோஸ்டிரோன் சுரப்பை நிறுத்துகிறார்கள்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம், 'ஹார்மோன் சமநிலை கெட்டுவிட்டது' என்ற சொற்றொடர்மேல் எனக்குள்ள எரிச்சல். எந்த ஹார்மோன், எந்த அடுக்கில், எத்தனை மணிக்கு எடுத்த இரத்தத்தில் என்று சொல்லாவிட்டால் அதற்குப் பொருளே இல்லை. கார்டிசால் காலை எட்டு மணி வாக்கில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருக்கும். காலையில் சாதாரணமான எண் இரவில் வந்தால் அது நோய். அப்புறம், இணையத்தில் உலவும் 'அட்ரீனல் களைப்பு' என்ற ஒன்றை நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர்கள் நோயாக ஏற்பதில்லை. அட்ரீனல் செயலிழப்பு என்பது வேறு, அது உண்மையானது, பரிசோதனையில் பிடிபடுவது.

ரிப்போர்ட்டே ஏமாற்றுவதும் உண்டு. சில வருடங்களுக்கு முன் எனக்கு டி.எஸ்.எச். தரைமட்டம், டி4 கூடுதல் என்று வந்தது. காகிதத்தின்படி எனக்குத் தைராய்டு தறிகெட்டுச் சுரக்கிறது. நாடித்துடிப்போ 68, கை நடுங்கவில்லை, எடை குறையவில்லை. யோசித்துப் பார்த்தால், முடி கொட்டுகிறதே என்று நானாகவே தினமும் 10 மில்லிகிராம் பயோட்டின் விழுங்கிக்கொண்டிருந்தேன். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனை அளக்கப் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் அது கூடினால் கணக்கு குழம்பும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தேன், இரண்டும் சாதாரணம். இதைப் பாடமாக நடத்துகிற எனக்கே அதற்குள் இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது.

இனி அம்மாவின் மாத்திரை. லெவோதைராக்ஸின் என்பது டி4-ஏதான். இரத்தத்தில் டி4-இன் பெரும்பகுதி, 99 விழுக்காட்டுக்கும் மேல், புரதங்களைப் பற்றிக்கொண்டு சுற்றுகிறது. அதனால் அது மெதுவாகத்தான் கரையும். அரை ஆயுள் ஏழு நாள். இன்சுலினின் ஐந்து நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தினம் ஒரு மாத்திரை என்று போகும்போது இரத்தத்தில் அளவு ஏறி ஒரு நிலைக்கு வர ஐந்து அரை ஆயுளாவது, அதாவது ஐந்து வாரமாவது வேண்டும். மாதக்கணக்கில் கத்திப் பழகிய பிட்யூட்டரி குரலைத் தாழ்த்தவும் நேரம் எடுக்கும். இதனால்தான் மாத்திரை தொடங்கினாலும் அளவை மாற்றினாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு வாரத்தில் எடுத்த இரத்தம் பாதி வழியில் எடுத்த படம். அதை வைத்துக்கொண்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டினால், எட்டாவது வாரத்தில் படபடப்போடு மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும்.

ஆறு வாரத்திலும் இறங்கவில்லை என்றால், முதலில் மாத்திரையை எப்படிப் போடுகிறார் என்று கேளுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். காபியோடு சேர்த்துப் போட்டால் உடம்பு அதைச் சரியாக உறிஞ்சாது. கால்சியம் மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுக்கிறார் என்றால் நான்கு மணி நேர இடைவெளி தேவை. குடலிலேயே அவை டி4-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். பரிசோதனை நாளன்று இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைப் போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டுப் போனால் அடுத்த சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 (புரதத்தைப் பற்றாமல் சுற்றும் டி4) கொஞ்சம் தூக்கலாகவே காட்டும்.